துன்மார்க்கர் செழிக்கையில் விசுவாசம் தள்ளாடும்போது: 73-ஆம் சங்கீதத்தோடு நடக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அடுத்தவர் நிலத்தை மிரட்டி எழுதி வாங்கியவர் ஊரில் மாடிவீடு கட்டுகிறார். கந்து வட்டிக்குக் கொடுத்து, ஆள் வைத்து அடித்து வசூலிப்பவருக்குக் கோயில் விழாவிலும் சபை விழாவிலும் முதல் மாலை விழுகிறது. அவர் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள், அவர் உடம்புக்கும் ஒன்றும் வருவதில்லை. நேர்மையாக இருந்து நாம் கண்டது என்ன என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்வி வந்ததே பாவம் என்று பலர் நினைத்து, அதை உள்ளே அமுக்கி வைக்கிறார்கள்.

வேதாகமம் அதை அமுக்கவில்லை. யோபு 21:7-இல் இதே கேள்வி நண்பர்கள் முன்னிலையில் கேட்கப்படுகிறது. எரேமியா 12:1, ஆபகூக் 1:13 ஆகிய இடங்களில் அது தேவனுடைய முகத்துக்கு நேராகவே கேட்கப்படுகிறது. ஆனால் கேள்வி எழுந்தது முதல் அது அடங்கும் வரை ஒரு மனிதன் உள்ளே நடந்த வழி முழுவதையும் காட்டுவது 73-ஆம் சங்கீதம்தான். சங்கீதப் புத்தகத்தின் மூன்றாம் பகுதி (73 முதல் 89 வரை) இதோடு தொடங்குகிறது. தலைப்பில் இருக்கும் ஆசாப், தாவீது நியமித்த லேவியப் பாடகர்களின் தலைவர். உடன்படிக்கைப் பெட்டிக்கு முன் தாளம் தொனிக்கச் செய்தவர் (1 நாளாகமம் 16:5). 50-ஆம் சங்கீதமும் 73 முதல் 83 வரையுள்ளவையும், ஆக 12 சங்கீதங்கள் அவர் பெயரில் உள்ளன. ஆராதனையை முன்னின்று நடத்தியவருடைய பெயரிலேயே இந்தத் தள்ளாட்டம் பதிவாகியிருக்கிறது.

இந்த வழிகாட்டிக்கு ஒரு வேதாகமம், ஒரு நோட்டு, ஒரு வாரத்துக்குத் தினமும் அரை மணி நேரம் (நான்காம் நாள் மட்டும் ஒரு மணி நேரம்) தேவை. கத்தோலிக்கர்கள் இதைத் திருப்பாடல் 73 என்று தேடுங்கள். பழைய கத்தோலிக்கப் பதிப்புகளில் இது 72 என்ற எண்ணில் இருக்கும்.

படி 1: பொறாமையா, காயமா என்று பிரித்துக்கொள்ளுங்கள்

இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். மருந்து மாறிப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

ஆசாப் 3-ஆம் வசனத்திலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறார்: துன்மார்க்கரின் வாழ்வைக் கண்டு அவர்கள்மேல் பொறாமை கொண்டேன் என்கிறார். 'அநீதியைக் கண்டு கொதித்தேன்' என்று அவர் ஆரம்பிக்கவில்லை. திருவள்ளுவரும் இந்தக் கேள்வியை வைத்த இடம் கவனிக்கத்தக்கது. "அவ்விய நெஞ்சத்தான் ஆக்கமும் செவ்வியான் கேடும் நினைக்கப் படும்" என்ற 169-ஆம் குறள், ஊழ் அதிகாரத்தில் இல்லை. அழுக்காறாமை அதிகாரத்தில் இருக்கிறது. கெட்டவன் ஏன் வாழ்கிறான் என்று கேட்கும் இடத்தில் பொறாமையும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதை இருவரும் கண்டிருக்கிறார்கள்.

நோட்டில் இரண்டு கேள்விகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரே வரியில் பதில் எழுதுங்கள். அந்த மனிதர் எனக்கோ என் வீட்டாருக்கோ நேரடியாக என்ன செய்தார்? அவரிடம் இருக்கும் எது எனக்கு வேண்டும்?

முதல் கேள்விக்கு எழுத எதுவும் இல்லை, இரண்டாவதற்கு நிறைய இருக்கிறது என்றால் 73-ஆம் சங்கீதம் உங்களுக்கே உரியது. நேராக இரண்டாம் படிக்குப் போகலாம். முதல் கேள்விக்குப் பதில் இருந்தால், அதாவது நிலம் போயிருந்தால், அடி விழுந்திருந்தால், மிரட்டல் தொடர்ந்தால், 73-இல் தொடங்காதீர்கள். அடிபட்டவரிடம் 'உன் பொறாமையை அறிக்கையிடு' என்று சொல்வது இரண்டாவது அடி. அவருக்கு 10-ஆம் சங்கீதமும் 94-ஆம் சங்கீதமும் முதலில் வேண்டும். "கர்த்தாவே, ஏன் தூரத்தில் நிற்கிறீர்?" என்று 10 தொடங்குகிறது. விதவையையும் பரதேசியையும் கொன்றுவிட்டு, கர்த்தர் பார்க்கமாட்டார் என்று சொல்பவர்களைப் பார்த்து, காதை உண்டாக்கினவர் கேளாரோ என்று 94 கேட்கிறது. சட்டத்தின் பெயராலேயே தீமை செய்யும் சிங்காசனத்தையும் அது விடவில்லை (94:20).

ஜெபத்தோடு கூடவே புகாரும் கொடுக்க வேண்டும். லூக்கா 18-இல் வரும் விதவை நியாயாதிபதியிடம் திரும்பத் திரும்பப் போனாள், இயேசு அவளையே ஜெபத்துக்கு மாதிரியாகக் காட்டினார். பவுல் தன் வழக்கை ரோமப் பேரரசனான இராயனிடம் மேல்முறையீடு செய்தார் (அப்போஸ்தலர் 25:11). தமிழ்நாட்டில் கந்து வட்டிக்கு எதிராக 2003 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், உதவி எண் 15100. வன்முறை செய்பவர் சொந்த வீட்டிலேயே இருந்தால், முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். இந்தியாவில் பெண்களுக்கான உதவி எண் 181, அவசரத்துக்கு 112. 'பொறுத்துக்கொள், தேவன் பார்த்துக்கொள்வார்' என்று சொல்லி ஒரு பெண்ணை அடிக்கிறவன் வீட்டுக்கே திருப்பி அனுப்ப இந்தச் சங்கீதத்தில் ஒரு வரிகூட இடம் தரவில்லை.

பலருக்கு இரண்டும் கலந்திருக்கும். அப்போது முதல் மூன்று நாள் 10, 94 ஆகியவற்றை ஜெபித்துவிட்டு 73-க்கு வாருங்கள்.

படி 2: 14-ஆம் வசனத்தில் நிறுத்துங்கள்

முழுச் சங்கீதத்தையும் சத்தமாக வாசிக்க நான்கைந்து நிமிஷம் போதும். அதனாலேயே எல்லாரும் ஓட்டமாக 17-க்குப் போய், 'முடிவைக் கவனித்தேன்' என்று படித்து, ஆமென் சொல்லி மூடிவிடுகிறார்கள். அடுத்த நாளே அதே மாடிவீட்டைக் கடந்து போகும்போது மனம் பழையபடி எரிகிறது. முறையிடாத வேதனைக்கு ஆறுதல் சொன்னால் அது ஒட்டாது.

முதல் இரண்டு நாளும் 1 முதல் 14 வரை மட்டும் வாசியுங்கள். 14-ஆம் வசனம் கசப்பாக முடியும்: நாள்தோறும் வாதிக்கப்படுகிறேன், காலைதோறும் தண்டிக்கப்படுகிறேன். அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடுங்கள், ஆமென்கூட வேண்டாம். சங்கடமாக இருக்கும். ஆசாப் அங்கே எத்தனை நாள் நின்றார் என்று சங்கீதம் சொல்லவில்லை, நீங்கள் இரண்டு நாள் நிற்கலாம்.

படி 3: முறையீட்டை எழுதுங்கள்

4 முதல் 12 வரை ஆசாப் பொத்தாம்பொதுவாகப் புலம்பவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறார். உடம்பு (4): மரணம் வரை இடுக்கண் இல்லை. அன்றாடம் (5): மற்ற மனிதர் படும் பாடு அவர்களுக்கு இல்லை. உடை (6): பெருமை சரப்பணியைப்போல் கழுத்தில் கிடக்கிறது, கொடுமை ஆடையைப்போல் மூடியிருக்கிறது. பிறகு கொழுத்த கண், வானமட்டும் எட்டும் வாய், பின்னால் போகும் ஜனம், 'தேவனுக்கு எப்படித் தெரியும்' என்ற பேச்சு, கடைசியாக ஆஸ்தி.

சரப்பணி கழுத்தில் அணியும் நகை. அகந்தையை இவர்கள் ஒளித்து வைக்கவில்லை, பூட்டிக்கொண்டு ஊர்வலம் வருகிறார்கள். ஜனமும் அதை அழகென்று பார்க்கிறது. நம் ஊர் பிளெக்ஸ் பேனர்களில் அடிதடி வழக்கு உள்ளவர்கள் கும்பிட்டபடி சிரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வசனத்துக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இதே வரிசையில் உங்கள் முறையீட்டை ஏழெட்டு வரியில் எழுதுங்கள். பெயர் வேண்டாம், நோட்டு யார் கையிலாவது சிக்கலாம். எழுதியபின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'கண்டது', 'கேட்டது', 'ஊகித்தது' என மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். "அவன் நிம்மதியாகத் தூங்குகிறான்" என்பது பெரும்பாலும் ஊகம். "அவன் எல்லை தாண்டி வேலி போட்டான்" என்பது கண்டது. 4, 5-ஆம் வசனங்களில் ஆசாப் சொல்வதும் முழு உண்மை இல்லை. துன்மார்க்கருக்கும் நோய் வரும், சாவு வரும். பொறாமை பார்க்கும்போது அவர்கள் வீட்டில் துக்கமே இல்லாததுபோல் தெரிகிறது. தேவன் அந்த மிகைப்படுத்தலைத் திருத்திவிட்டுத்தான் கேட்பேன் என்று சொல்லவில்லை, அது அப்படியே வேதமாகியிருக்கிறது. ஆகையால் ஊகம் என்று குறித்த வரிகளையும் அடிக்க வேண்டாம்.

இதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள், மறைமுகமாகவும் வேண்டாம். போட்டவுடன் அது ஜெபமாக இல்லாமல் சண்டையாகிவிடும். காரணம் ஐந்தாம் படியில் வரும்.

படி 4: 'விருதா' (வீண்) என்று சொல்லிப் பாருங்கள்

13-ஆம் வசனம்தான் அடிவயிற்றிலிருந்து வருவது: விருதாவாகவே என் இருதயத்தைச் சுத்தம்பண்ணினேன். இதைச் சொல்ல அஞ்சாதீர்கள். சொன்னபின் நோட்டில் ஒரு வாக்கியத்தை நிரப்புங்கள்: "நான் ________ செய்தால், தேவன் எனக்கு ________ தருவார் என்று நம்பியிருந்தேன்."

தசமபாகம், உபவாசம், லஞ்சம் வாங்காதது, ஞாயிறு தவறாதது என இடது பக்கத்தில் வரும். வலது பக்கத்தில் வேலை, வரன், குழந்தை, கடன் தீர்வு வரும். இப்படி ஓர் ஒப்பந்தம் மனதுக்குள் இருந்தது பலருக்கு அப்போதுதான் தெரியும். அதை எழுதிக்கொடுத்தது பல நேரம் நம் மேடைகள்தான். சாட்சி நேரத்தில் கார் வாங்கியவரும் விசா கிடைத்தவரும் மட்டுமே ஒலிவாங்கியைப் பிடித்தால், வாங்காதவருக்கு விசுவாசம் இல்லை என்று சபை சொல்லாமல் சொல்லிவிடுகிறது. அதே அளவுகோலை வைத்துப் பார்த்தால் துன்மார்க்கன்தானே பெரிய விசுவாசி? ஆசாப் சறுக்கப்போன இடம் இதுவே. 1-ஆம் வசனத்தில் தேவன் நல்லவர் என்கிறார். அந்த நன்மை எதில் தெரியும் என்பதைச் சங்கீதம் கடைசி வசனம் வரை தேடுகிறது.

படி 5: யாரிடம் பேசுவது

இப்படிப் பேசினால் உம்முடைய பிள்ளைகளின் சந்ததிக்குத் துரோகியாவேன் என்று 15-ஆம் வசனம் சொல்கிறது. சந்தேகத்தை யாரிடமும் சொல்லாதே என்று இதற்கு அர்த்தம் சொல்பவர்கள் உண்டு. ஆனால் ஆசாப் பின்னர் இதைப் பாட்டாக்கி ஊரறியப் பாட வைத்திருக்கிறார். கொதிக்கும்போதே கூட்டத்தில் கொட்டவில்லை, அவ்வளவுதான்.

ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவர் கஷ்டம் கண்டவராக, சொன்னதை வெளியே விடாதவராக, அந்தத் துன்மார்க்கரோடு கொடுக்கல் வாங்கல் இல்லாதவராக இருக்க வேண்டும். சொந்தப் பிள்ளைகளும் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களும் அந்த ஒருவராக இருக்கக் கூடாது. முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, இன்னைக்கு எனக்குப் பதில் வேண்டாம். கேட்டுட்டு, கடைசியில ஒரு ஜெபம் மட்டும் பண்ணுங்க." இதைச் சொல்லாவிட்டால் ஐந்து நிமிஷத்தில் ரோமர் 8:28 ('சகலமும் நன்மைக்கே' என்ற வசனம்) வந்துவிடும். வசனம் உண்மையானதுதான், வந்த நேரம்தான் தவறு. கேட்பவர் இடத்தில் நீங்கள் இருந்தால் யோபுவின் நண்பர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் கூட உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2:13). வாய் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள்.

படி 6: பரிசுத்த ஸ்தலத்துக்குள் போவது

16, 17-ஐச் சேர்த்தே வாசியுங்கள், இரண்டும் ஒரே வாக்கியம். யோசித்துப் பார்த்தேன், விசனமாயிருந்தது, பரிசுத்த ஸ்தலத்துக்குள் பிரவேசிக்கும்வரை. உள்ளே என்ன நடந்தது என்று சங்கீதம் சொல்லவில்லை. தரிசனமா, பலியா, பாட்டா, நமக்குத் தெரிய வேண்டிய அவசியம் இருந்ததாகத் தோன்றவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம்: வீட்டில் உட்கார்ந்து மூளையைக் கசக்கியதில் விடை வரவில்லை.

நான்காம் நாள் ஆலயத்துக்குப் போங்கள். கூட்டம் இல்லாத நேரமாக, ஒரு மணி நேரம் உட்காருங்கள். எழுதிய நோட்டைக் கையில் கொண்டுபோங்கள். முதல் அரை மணி நேரம் எதையும் கேட்க வேண்டாம். பிறகு 1 முதல் 17 வரை மெல்ல வாசித்துவிட்டு எழுந்து வாருங்கள். எதுவும் 'உணரவில்லை' என்றால் தவறில்லை, ஞாயிறு ஆராதனையில் மறுபடி உட்காருங்கள்.

அந்த அகந்தைக்காரர் ஆலயத்துக்குள்ளேயே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தால்? கமிட்டியில் இருக்கிறார், தேர்தலுக்குப் பணம் இறைத்தார், அவர் பெயரில்தான் புது மின்விசிறி ஓடுகிறது என்றால்? பலருக்கு விசுவாசம் தெருவில் அல்ல, இங்கேதான் உடைகிறது. இதற்கும் ஆசாப் பெயரிலேயே பதில் உண்டு. 50-ஆம் சங்கீதத்தின் 16 முதல் 21 வரை வாசியுங்கள். தேவனுடைய பிரமாணங்களை வாயில் வைத்துக்கொண்டு, திருடனோடு ஒருமித்துப் போகிறவனிடம் அவர் நேராகப் பேசுகிறார்: நான் மவுனமாயிருந்ததால் நானும் உன்னைப்போலவே என்று நினைத்துக்கொண்டாய். தேவனுடைய மவுனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டதே அவனுடைய பிழை. ஆலயம் அந்த அகந்தைக்காரருடையதல்ல என்று நினைவில் நிறுத்த இந்த ஆறு வசனங்கள் உதவும். அந்தக் கட்டடத்தில் உட்காரவே முடியவில்லை என்றால் வேறொரு ஆலயத்தில் உட்காருங்கள். சபைப் பணத்தில் மோசடி நடந்ததற்கு ஆதாரம் இருந்தால், கணக்குக் கேட்பதும் ஆராதனையின் பாகம்தான்.

படி 7: 'முடிவு' என்பதைக் கவனமாகக் கையாளுங்கள்

18 முதல் 20 வரை மிகவும் தவறாகப் பயன்படுத்தப்படும் பகுதி. 'அரசன் அன்று கொல்லும், தெய்வம் நின்று கொல்லும்' என்று சொல்லிவிட்டு, அந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வருகிறது, எந்த வண்டி கவிழ்கிறது என்று எண்ணத் தொடங்குவோம். அப்படி எண்ண ஆரம்பித்தால் பகல் முழுவதும் அவரைத்தான் நினைத்துக்கொண்டிருப்போம், விசுவாசம் அவருடைய இரத்த அழுத்தத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்ற கணக்கை இயேசு ஏற்கவில்லை (லூக்கா 13:4).

'ஒரு நிமிஷத்தில்' என்று 19-ஆம் வசனம் சொல்வதை நாள்காட்டியில் தேடக் கூடாது என்பதற்கு யூதாவின் இரண்டு ராஜாக்களே போதும். எருசலேமைக் குற்றமில்லாத இரத்தத்தால் நிரப்பிய மனாசே 55 வருஷம் ஆண்டு, தன் அரமனைத் தோட்டத்தில் அடக்கம்பண்ணப்பட்டான் (2 இராஜாக்கள் 21). அவன் பேரன் யோசியா, கர்த்தரிடம் முழு மனதோடு திரும்பியவன், 8 வயதில் ராஜாவாகி 31 வருஷம் ஆண்டு, மெகிதோவில் கொல்லப்பட்டு 39 வயதில் போய்விட்டான். வேதம் இரண்டையும் அருகருகே எழுதி வைத்திருக்கிறது. 2 நாளாகமம் 33 இன்னும் கடினமான ஒன்றைச் சொல்கிறது: மனாசே பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போய், தாழ்த்திக்கொண்டு கெஞ்சினான், தேவன் கேட்டார். நம் துன்மார்க்கருக்கும் இப்படி ஆகலாம் என்பதை நம்மில் எத்தனை பேர் விரும்புவோம்?

அப்படியானால் ஆசாப் கண்டது என்ன? அவர்கள் நிற்கும் இடம் சறுக்கலானது என்பதை. 2-ஆம் வசனத்தில் சறுக்கப்போனது தன் கால். 18-இல் வழுக்குவது அவர்கள் தரை. நீதி நடக்கும் என்பதை விட்டுவிடாமல், அது எந்த நாளில் என்பதை மட்டும் தேவனிடம் விடுங்கள். ஐந்தாம் நாள் இந்த மூன்று வசனங்களை வாசித்தபின் அந்த மனிதருக்காக ஒரே ஒரு வாக்கியம் ஜெபியுங்கள்: "அவருடைய கையைத் தடுத்து, அவருடைய மனதைத் திருப்பும்." அன்பு பொங்கவேண்டும் என்று உங்களையே கட்டாயப்படுத்த வேண்டாம். 'கையைத் தடுத்து' என்பதை விட்டுவிடவும் வேண்டாம், அவரால் இன்னும் அடிபடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

படி 8: 21 முதல் 28 வரை, அதில் ஐந்து வசனம் மனப்பாடம்

உமக்கு முன்பாக மிருகம்போலிருந்தேன் என்கிறார் ஆசாப். இதைத் தன்னையே வெறுக்கும் வரியாக ஆக்கிக்கொள்ளாதீர்கள். உடனே 23 வருகிறது: ஆனாலும் நான் எப்பொழுதும் உம்மோடிருக்கிறேன், என் வலதுகையைப் பிடித்துத் தாங்குகிறீர். தெளிந்த பிறகு பிடித்ததாகச் சொல்லவில்லை. மிருகம்போல் முட்டிக்கொண்டிருந்த நாளிலும் கை பிடியிலேதான் இருந்தது. 2-ஆம் வசனத்தில் கால் ஏன் 'சற்றே தப்பிற்று' என்பதற்குக் காரணமும் இதுதான்.

26-ஆம் வசனத்தில் தேவன் என் பங்கு என்கிறார். லேவியர் வாயிலிருந்து வரும்போது இதற்கு எடை அதிகம். கானானில் கோத்திரங்களுக்கு நிலம் பங்கிட்டபோது லேவிக்குச் சுதந்தர நிலம் இல்லை, கர்த்தரே அவர்கள் சுதந்தரம் (உபாகமம் 10:9). மற்றவர்களுக்கு வயல் இருந்த இடத்தில் ஆசாபின் குலத்துக்குத் தேவன் இருந்தார். வேலி நகர்த்தி நிலம் சேர்ப்பவர்களைப் பார்த்து வயிறெரிந்தவர் கடைசியில் வந்து நிற்கும் இடம் இது. நிலம் இழந்தவரிடம் இதைச் சொல்லி வழக்கைக் கைவிடச் செய்யாதீர்கள். பறிகொடுத்தவருக்குத் திரும்பக் கிடைக்கவேண்டியது தீர்ப்பு, இந்த வசனம் தீர்ப்பு வராத இரவுகளில் பிடித்துக்கொள்வதற்கு.

ஆறாம் நாள் 23, 24. ஏழாம் நாள் 25, 26, 28. இந்த ஐந்து வசனங்களும் பார்க்காமல் வரவேண்டும், ஏனென்றால் எரிச்சல் திரும்பி வரும்போது கையில் நோட்டு இருக்காது. திரும்பி வரும், ஐயமில்லை. சங்கீதம் முடியும்போதும் துன்மார்க்கர் அப்படியேதான் இருக்கிறார்கள், அவர்கள் வீடும் நிற்கிறது. ஒரு மாதம் கழித்து மூன்றாம் படியில் எழுதியதை எடுத்து வாசியுங்கள். 'ஊகித்தது' என்ற வரிகள் குத்தாமலும் 'கண்டது' என்ற வரிகள் இன்னும் வலித்தும் இருந்தால் நன்றாகவே போகிறது. இரண்டும் வலிக்காமல் மரத்துப்போயிருந்தால், தூக்கம் கெட்டிருந்தால், வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் மருத்துவரைப் பாருங்கள், போதகரிடமும் சொல்லுங்கள்.

ஜெபக்குழுவில் நடத்துவதானால்

பத்து பேருக்கு மேல் வேண்டாம், 75 நிமிஷம் போதும். 1 முதல் 14 வரை ஒருவர் வாசித்தபின் பத்து நிமிஷம் எல்லாரும் எழுதட்டும், வாசித்துக் காட்டச் சொல்லாதீர்கள். 15 முதல் 20 வரை நடத்துபவர் விளக்கலாம், ஊரில் யாரையும் சுட்டும் உதாரணம் கூடாது. அடிபட்டவர் குழுவில் இருக்கிறார் என்று தெரிந்தால், கூட்டத்துக்கு முந்தின நாளே அவரைத் தனியாகப் பார்த்து 10-ஆம் சங்கீதத்தை அவரோடு வாசியுங்கள். எழுதிய தாள்களைச் சேகரிக்க வேண்டாம், அவரவர் மடித்து எடுத்துப் போகட்டும். கடைசியில் 23 முதல் 28 வரை எல்லாரும் சேர்ந்து சத்தமாக இருமுறை வாசித்து முடியுங்கள். அன்றைக்குச் சாட்சி நேரம் வைக்காதீர்கள்.